ராக்கெட் போயாச்சு, இனிமேதான் கேக்கணும்: ஹாம் ரேடியோகாரங்க ஏன் எப்பவும் வானத்தையே பேசுறாங்க

ராக்கெட் கிளம்புறத லைவ்ல பாக்குறவங்க, சாட்டிலைட் பிரிஞ்சுடுச்சுன்னு அறிவிப்பு வந்ததும் கை தட்டிட்டு எந்திரிச்சு போயிடுவாங்க. ஹாம் ரேடியோ ஆளுங்களுக்கு, அதாவது லைசன்ஸ் வாங்கி பொழுதுபோக்கா வயர்லெஸ்ல பேசுற அமெச்சூருங்களுக்கு, வேலை ஆரம்பிக்கிறதே அதுக்கப்புறம்தான். கியூப்சாட்டுன்னு சொல்ற அந்த குட்டி சாட்டிலைட்டுங்களுக்கு ஒரு விதி இருக்கு, ராக்கெட்லேர்ந்து வெளிய தள்ளுனதும் உடனே எதுவும் பண்ணக்கூடாது, 30 நிமிஷம் கழிச்சுதான் ஆன்டெனாவ விரிக்கணும், 45 நிமிஷம் கழிச்சுதான் சிக்னல் அனுப்பணும். அதுக்குள்ள அது பாதி உலகத்த சுத்தி வந்திருக்கும். அதனால முதல் பீக்கன், அதாவது நான் இருக்கேன்னு அது திரும்ப திரும்ப அனுப்புற அடையாள சிக்னல், யார் காதுல விழும்னு முன்கூட்டி யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, அத செஞ்ச காலேஜ் பசங்களோட கிரவுண்ட் ஸ்டேஷன் மேல அது வர்றதுக்கு இன்னும் பல மணி நேரம் ஆகலாம், ஆனா அந்த நேரத்துல ஏதோ ஒரு நாட்டுல ஏதோ ஒரு மொட்டை மாடில யாகி ஆன்டெனாவோட (பழைய டிவி ஆன்டெனா மாதிரி இருக்கும்) ஒருத்தர் நின்னுட்டிருப்பார். "என்ன ஓஎம் (ஹாமுங்க ஒருத்தர ஒருத்தர் கூப்பிடுறது), கேட்டுச்சா?" "கேட்டுச்சு, சிக்னல் வீக்குதான், ஆனா உயிரோட இருக்கு." இந்த ரெண்டு வரிக்காக வருஷக்கணக்கா உழைச்ச ஒரு டீம் தூங்காம உக்காந்திருக்கும்.

ஹாம் ஆளுங்க ஒண்ணா சேர்ந்தா ஏன் ராக்கெட்டு, நிலா, சூரியப்புள்ளி, விண்கல் மழைன்னே பேச்சு போகுதுன்னு வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு புரியாது, ரேடியோ ஒரு பொழுதுபோக்கு, வானியல் இன்னொரு பொழுதுபோக்குன்னு நினைப்பாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியுது. வானம் இவங்களுக்கு வேடிக்கை பாக்குற பொருள் இல்ல, அதுதான் இவங்க சிக்னல் போற கம்பி. அந்த கம்பியில என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கலேன்னா ஒரு க்யூஎஸ்ஓ, அதாவது ஒரு ரேடியோ உரையாடல், கூட ஒழுங்கா போட முடியாது.

கதை 1957 அக்டோபர் 4ல ஆரம்பிக்குது, ஸ்புட்னிக் 1. அது 83.6 கிலோ உருண்டை, உள்ள 1 வாட் டிரான்ஸ்மிட்டர், 20.005 மெகாஹெர்ட்ஸ், 40.002 மெகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை. இந்த நம்பர்கள கொஞ்சம் யோசிச்சு பாருங்க. அவ்ளோ ரகசியமா வேலை பாத்த சோவியத் யூனியன் ஏன் எல்லாரும் கேக்குற மாதிரி ஷார்ட்வேவ்ல சிக்னல் விட்டுச்சு? எல்லாரும் கேக்கணும்னுதான். சாட்டிலைட் போறதுக்கு சில மாசம் முன்னாடியே அந்த நாட்டோட ரேடியோ பத்திரிகைல அமெச்சூர்களுக்காக அலைவரிசை விவரத்த போட்டுட்டாங்க. சாதாரண ஷார்ட்வேவ் ரிசீவர் வச்சிருந்த யார் வேணும்னாலும் 96 நிமிஷத்துக்கு ஒரு தடவ உலகத்த சுத்துற ஒரு பொருளோட குரல வீட்டுல உக்காந்து கேட்டாங்க, யாரோட அறிக்கையும் தேவைப்படல. பேட்டரி 3 வாரம்தான் தாங்குச்சு. அந்த 3 வாரத்துல ஒரு தலைமுறையே மாறிடுச்சுன்னு நான் நம்புறேன்.

இதுல இன்னொரு விஷயம். 20 மெகாஹெர்ட்ஸ்ல அமெரிக்காவோட டபிள்யூடபிள்யூவி ஸ்டேஷன் துல்லியமான நேரமும் அலைவரிசையும் ஒலிபரப்பிட்டிருந்துச்சு. அதுக்கு பக்கத்துலயே ஸ்புட்னிக். அதனால அத ஒரு அளவுகோலா வச்சு, ஸ்புட்னிக் சிக்னலோட சுருதி எவ்ளோ மாறுதுன்னு அளக்க முடிஞ்சுது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அப்ளைடு பிசிக்ஸ் லேபுல வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக்னு ரெண்டு இளம் விஞ்ஞானிங்க இதத்தான் பண்ணாங்க. சாட்டிலைட் கிட்ட வரும்போது சுருதி கொஞ்சம் கூட, தாண்டிப் போகும்போது கொஞ்சம் கம்மி, ரயில் ஹாரன் நம்மள தாண்டிப் போறப்ப கேக்குமே அதே டாப்ளர்தான், 20 மெகாஹெர்ட்ஸ்ல அது ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் மேலயும் கீழயும் வரும், காதுக்கே தெரியும். அந்த மாற்றத்தோட வளைவ வச்சே அவங்க முழு சுற்றுப்பாதையவும் கணக்கு போட்டுட்டாங்க. அடுத்த வருஷம் அவங்க மேலதிகாரி ஃப்ராங்க் மெக்லூர் ஒரு கேள்வி கேட்டார், நாம எங்க இருக்கோம்னு தெரிஞ்சு சாட்டிலைட்ட கண்டுபிடிக்க முடியுதுன்னா, சாட்டிலைட் எங்க இருக்குன்னு தெரிஞ்சா நம்ம இடத்த கண்டுபிடிக்கலாம்ல? அதுலேர்ந்து டிரான்சிட் சாட்டிலைட் வழிகாட்டி வந்துச்சு, இன்னிக்கு போன்ல இருக்குற ஜிபிஎஸ்ஸுக்கு மூத்த அண்ணன்.

டாப்ளர பத்தி படிக்கிறது வேற, கையில பிடிக்கிறது வேற. சர்வதேச விண்வெளி நிலையம் நம்ம தலைக்கு மேல போற பாஸ் ஒண்ணு எடுத்துக்குவோம். டவுன்லிங்க், அதாவது அங்கேர்ந்து கீழ வர்ற சிக்னல், 145.800 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம். நான் முதல் தடவ கேட்டப்ப கையில இருந்தது இஞ்ச் டேப்ப வெட்டி பிவிசி பைப்புல மாட்டுன மூணு எலிமென்ட் யாகி, ஒரு ஹேண்டி செட்டு. ஏஓஎஸ், அதாவது அடிவானத்துல அது எட்டிப்பாக்குற நேரம், அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே ஸ்குவெல்ச்ச, அதாவது சிக்னல் இல்லாதப்ப இரைச்சல மறைக்கிற வசதிய, முழுசா திறந்து வச்சாச்சு, வெறும் இரைச்சல். அது நம்மள நோக்கி வர்றதால சிக்னல் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல தள்ளி வரும்னு தெரியும், அதனால 145.805ல வச்சிருந்தேன். திடீர்னு அந்த இரைச்சல் அடங்குச்சு. குரல் இன்னும் வரல, இரைச்சல் மட்டும் ஒரு துணிய போட்டு மூடுன மாதிரி அமுங்குச்சு, அதுதான் கேரியர், குரல சுமந்து வர்ற அலை. அப்புறம் குரல். ஆன்டெனாவ மணிக்கட்டுல சுழட்ட சுழட்ட சிக்னல் எழும்பும், தணியும், ஏன்னா அங்க அது திரும்பிட்டே போகுது, இங்க நாம அதோட பொலரைசேஷன, அதாவது அலை அதிர்ற திசைய, துரத்திட்டிருக்கோம். உச்சிக்கு வந்ததும் 145.800, தாண்டுனதும் 145.795. பத்து நிமிஷம் கூட இல்ல, மறுபடியும் இரைச்சல். கை வலிச்சது அப்புறம்தான் தெரிஞ்சுது.

இதே ஒரு சாட்டிலைட்டோட பீக்கன் சிக்னலா, 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்னா டாப்ளர் 10 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், ரிசீவர எஸ்எஸ்பிங்கற மோடுல வச்சா விசில் சத்தம் மெதுவா இறங்கிட்டே வந்து நடுவுல சடார்னு சரியும், மறுபடி மெதுவாகும். 500 கிலோமீட்டர் உயரத்துல நேர் உச்சில போற சாட்டிலைட்டுக்கு அந்த நடு இடத்துல நொடிக்கு 150 ஹெர்ட்ஸுக்கு மேலயே விழும். அந்த சரிவு எவ்ளோ செங்குத்துங்கறதுல தூரம் ஒளிஞ்சிருக்கு, எந்த நொடில சரியுதுங்கறதுல இடம் ஒளிஞ்சிருக்கு. ஒரே ராக்கெட்ல நூறு சாட்டிலைட் போற காலம் இது, 2017 பிப்ரவரில பிஎஸ்எல்வி சி37 ஒரே தடவைல 104 சாட்டிலைட்ட கொண்டு போச்சு, 2021 ஜனவரில ஃபால்கன் 9 ஒண்ணு 143. போன புதுசுல ரேடாருக்கு எல்லாம் ஒரே மாதிரி புள்ளிங்கதான், எது யாரோடதுன்னு தெரியாது. அப்ப இந்த சரிவ அளந்துதான் இந்த பீக்கன் அந்த புள்ளிதான்னு பேர் ஒட்டுறாங்க. அதுல பெரிய பங்கு அமெச்சூருங்களோடது. சாட்நாக்ஸ்னு ஒரு திறந்த நெட்வொர்க் இருக்கு, உலகம் பூரா தன்னார்வலர்கள் அவங்கவங்க வீட்டு ஸ்டேஷன இணைச்சு வச்சிருக்காங்க, ஸ்டேஷன் இணைச்சவங்க மத்தவங்க ஸ்டேஷன்லயும் ஒரு பாஸ புக் பண்ணி பதிவு எடுக்கலாம்.

இந்த சரிவ வச்சு என்னவெல்லாம் பண்ணலாம்னா, ஒரு நாட்டோட ரகசியத்தையே கண்டுபிடிக்கலாம். இங்கிலாந்துல கெட்டரிங் கிராமர் ஸ்கூல்னு ஒரு சாதாரண பள்ளிக்கூடம், அங்க ஜெஃப்ரி பெர்ரின்னு ஒரு பிசிக்ஸ் வாத்தியார். பசங்களுக்கு டாப்ளர் விளைவ புரிய வைக்க சோவியத் சாட்டிலைட்டுங்களோட சிக்னல கேக்க ஆரம்பிச்சாங்க, கூட ஹாம் தெரிஞ்ச ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரும் சேர்ந்துகிட்டார். 1966 மார்ச்ல காஸ்மாஸ் 112 போனப்ப கணக்கு இடிச்சுது, அதோட பாதை வழக்கமான பைக்கனூர் ஏவுதளத்துலேர்ந்து கிளம்புன மாதிரி இல்ல. அடுத்தடுத்து போனதையும் கேட்டு, பாதைங்கள பின்னோக்கி வரைஞ்சு பாத்தா எல்லாம் வடக்க ஒரே இடத்துல வெட்டிக்குது. பிளெசெட்ஸ்க். அப்டி ஒரு ஏவுதளம் இருக்குன்னு சோவியத் யூனியன் வெளிப்படையா ஒத்துக்கிட்டது 1983லதான். பள்ளிக்கூட பசங்க 17 வருஷம் முன்னாடியே சொல்லிட்டாங்க, அதுவும் ஸ்கூல் லேபுல ஒரு ரிசீவரும் ஸ்டாப்வாட்சும் வச்சுகிட்டு. இந்த கதைய நான் எத்தன பேர்கிட்ட சொல்லியிருப்பேன்னு தெரியல, ஒவ்வொரு தடவயும் சொல்லும்போது எனக்கே சிலிர்க்கும்.

2018லயும் இப்டி ஒண்ணு நடந்துச்சு. ஸூமான்னு ஒரு ரகசிய சாட்டிலைட் ஜனவரில போச்சு, கெட்டுப்போச்சுன்னு பேச்சு. கனடாவுல ஸ்காட் டில்லின்னு ஒரு அமெச்சூர் அத தேடி எஸ் பேண்ட்ங்கற மைக்ரோவேவ் அலைவரிசைல துழாவிட்டிருந்தார். ஜனவரி 20 அன்னிக்கு வேற ஒரு சிக்னல் மாட்டுச்சு. டாப்ளர் வளைவ பொருத்தி பாத்தா அது நாசாவோட இமேஜ் சாட்டிலைட், 2000ல போனது, 2005 டிசம்பர்ல தொடர்பு அறுந்து செத்துடுச்சுன்னு கைவிட்டது. அவர் சொன்னதுக்கப்புறம் நாசா தன் ஆன்டெனாங்கள திருப்பி பாத்து பத்து நாள்ல ஆமா இது எங்களோடதுதான்னு உறுதி பண்ணுச்சு. நாசா கையில எவ்ளோ பெரிய டிஷ்ஷுங்க இருக்கு, ஆனா அந்த டிஷ்ஷுங்களுக்கு வேலை இருக்கு, நேரம் ஒதுக்கி பட்டியல் போட்டுதான் திருப்புவாங்க, செத்துப்போனதா முடிவு பண்ணுன ஒண்ண தேடி யாரும் திருப்ப மாட்டாங்க. அமெச்சூர்கிட்ட அந்த பட்டியல் கிடையாது, அவர் ஆன்டெனா அவர் இஷ்டம். அவரோட பலமே அதுலதான் இருக்கு.

சரி, இது சாட்டிலைட் பக்கம். வானியல் பக்கம் வந்தா இன்னும் ஆழமா போகுது, ஏன்னா ரேடியோ வானியலே இரைச்சல் பத்தின ஒரு புகார்ல பொறந்ததுதான். கடல் தாண்டி பேசுற ரேடியோ டெலிஃபோன்ல கரகரப்பு எங்கேர்ந்து வருதுன்னு பாக்க பெல் லேப்ஸ் கார்ல் ஜான்ஸ்கிய வேலைக்கு வச்சுது. அவர் 20.5 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெரிய ஆன்டெனாவ ஃபோர்டு மாடல் டி காரோட சக்கரங்கள் மேல வச்சு வட்டமா சுத்த விட்டார். கிட்ட இடிக்கிற இடி ஒண்ணு, தூரத்து இடி ஒண்ணு, இதுக்கு மேல எதுலயும் சேராத ஒரு சீறல். அது தினமும் அதே நேரத்துக்கு வராம 4 நிமிஷம் முன்னாடி முன்னாடின்னு வந்துச்சு. 23 மணி 56 நிமிஷம். அது சூரியனோட நாள் இல்ல, நட்சத்திரங்களோட நாள். அப்ப அந்த சத்தம் பூமியோடதும் இல்ல சூரியனோடதும் இல்ல, நம்ம பால்வீதியோட நடுப்பகுதிலேர்ந்து வருது. 1933ல சொன்னார். வானியலாளருங்க பெருசா கண்டுக்கல.

கண்டுகிட்டவர் ஒரு ஹாம். க்ரோட் ரீபர், கால்சைன், அதாவது ஹாமுங்களுக்கு அரசு குடுக்குற அடையாளப் பேர், டபிள்யூ9ஜிஎஃப்இசட். 1937ல இல்லினாய்ஸ்ல வீட்டுக்கு பக்கத்து காலி இடத்துல, சொந்த காசுல, சொந்த கையால 9 மீட்டருக்கு மேல குறுக்களவுள்ள ஒரு டிஷ்ஷ கட்டினார். முதல்ல 3300 மெகாஹெர்ட்ஸ்ல தேடினார், ஒண்ணும் வரல. 900ல தேடினார், வரல. அப்ப இருந்த கோட்பாடு அலைவரிசை மேல போக போக சிக்னல் பலமா இருக்கணும்னு சொல்லுச்சு, இவர் அத நம்பி ரெண்டு ரிசீவர் கட்டி தோத்துட்டு, மூணாவதா 160 மெகாஹெர்ட்ஸ்ல கட்டினார், 1938ல பிடிச்சுட்டார். பகல்ல போற வர்ற காருங்களோட இக்னிஷன் தீப்பொறி இரைச்சல் தாங்கல, அதனால ராத்திரி பூரா முழிச்சு மீட்டர படிச்சு எழுதுவார், காலைல வேலைக்கு போவார். கிட்டத்தட்ட பத்து வருஷம் இந்த உலகத்துலயே ரேடியோ வானியல முழுமூச்சா பண்ணுன ஒரே ஆள் இவர்தான்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, ஒரு ஹாமுக்கு எது தொல்லையோ அதுதான் வானியலாளருக்கு பொக்கிஷம். நிலாவுல சிக்னல மோத விட்டு திரும்பி வாங்குற மூன்பவுன்ஸ் ஆளுங்கள கேட்டு பாருங்க. போய்ட்டு வர்றதுக்கே இரண்டரை நொடி ஆகும், 144 மெகாஹெர்ட்ஸ்ல வழில இழக்குறது 250 டெசிபெலுக்கு மேல, நிலாவோ தன் மேல விழுறதுல 7 சதவீதம் கூட ஒழுங்கா திருப்பி அனுப்பாது. இவ்ளோ கஷ்டத்துல பின்னணி இரைச்சல் கொஞ்சம் ஏறுனாலும் எல்லாம் போச்சு. அதனால அவங்க பஞ்சாங்கம் பாக்குற மாதிரி நிலா எங்க இருக்குன்னு பாப்பாங்க. நிலா தனுசு ராசி பக்கம் போற நாள்ல ஆன்டெனா பால்வீதியோட மையத்தையும் சேர்த்து பாக்கும், ஜான்ஸ்கி கேட்ட அதே சீறல் வந்து சிக்னல முழுங்கிடும். அமாவாசை அன்னிக்கு சூரியன் பக்கத்துல நிக்கும், அதோட இரைச்சல். நிலா பூமிக்கு கிட்ட வர்ற நாள் நல்ல நாள், தூரமா போற நாளவிட 2 டெசிபெல் கிட்ட லாபம். இப்டி நாள் பாக்குற ஒருத்தருக்கு வானியல் தனியா ஒரு பாடமா தோணவே தோணாது.

இந்த ரெண்டு உலகத்தையும் ஒரே ஆள்ல பாக்கணும்னா ஜோ டெய்லர். சின்ன வயசுலயே ஹாம், கால்சைன் கே1ஜேடி. 1974ல ரஸ்ஸல் ஹல்ஸோட சேர்ந்து இன்னொரு நட்சத்திரத்தோட ஒண்ண ஒண்ணு சுத்துற ஒரு பல்சர (சுழன்றுகிட்டே சீரா ரேடியோ துடிப்பு அனுப்புற நட்சத்திரம்) கண்டுபிடிச்சு 1993ல நோபல் வாங்கினார். பல்சர் சிக்னல்ங்கறது இரைச்சலுக்கு அடில புதைஞ்சு கிடக்குற, ஆனா நேரம் தவறாம வர்ற துடிப்பு. எப்ப வரும்னு தெரிஞ்சா அத தோண்டி எடுக்கலாம். அதே அறிவ 2001லேர்ந்து ஹாமுங்களுக்காக சாஃப்ட்வேரா எழுதினார், விண்கல் எரிஞ்சு போற அந்த அரை நொடி தடத்துல சிக்னல மோத விடுறதுக்கு ஒரு மோடு, நிலாவுக்கு ஒரு மோடு, அப்புறம் 2017ல இன்னொருத்தரோட சேர்ந்து எஃப்டி8. இன்னிக்கு ஹாமுங்களுக்குன்னு ஒதுக்குன அலைவரிசை பேண்ட திறந்தாலே கேக்குற அந்த ராகம் போட்ட மாதிரி சத்தம் எஃப்டி8தான், அதுல எல்லாரும் 15 நொடி கணக்குல கடிகாரத்த சரியா வச்சிருக்கணும், ஏன்னா அடிப்படை ஒண்ணுதான், எப்ப கேக்கணும்னு தெரிஞ்சா காதுக்கு கேக்காததையும் கேக்கலாம்.

மூன்பவுன்ஸ் பண்ண முன்னாடி ராட்சச ஆன்டெனா வேணும், இப்ப வீட்டு கூரைல ஒரு நல்ல யாகி வச்சவங்க கூட பண்றாங்க. இது ஒரு வானியலாளர் ஹாமுங்களுக்கு தந்த பரிசு.

ராக்கெட்டே கூட ஷார்ட்வேவ் பேண்டோட நிலைமைய மாத்தும், இது பலருக்கு தெரியாது. ஷார்ட்வேவ் தூரமா போறது அயனோஸ்பியரோட, அதாவது மேல் வளிமண்டலத்துல மின்னூட்டம் உள்ள பகுதியோட, எஃப் அடுக்குல பட்டு திரும்பறதாலதான். ராக்கெட்டோட மேல் ஸ்டேஜ் அந்த உயரத்துல எரியும்போது வெளிய விடுற நீராவியும் ஹைட்ரஜனும் அங்க இருக்குற ஆக்சிஜன் அயனிகளோட வேகமா வினை புரிஞ்சு, எலெக்ட்ரான்கள சீக்கிரமா காலி பண்ணிடும். ஒரு ஓட்டை விழும். 1973 மே 14 அன்னிக்கு ஸ்கைலாப்ப தூக்கிட்டு போன சாட்டர்ன் 5 இப்டி ஒரு பெரிய ஓட்டைய போட்டுச்சு. 2017 ஆகஸ்ட்ல ஃபோர்மோசாட் 5 ஏத்திட்டு போன ஃபால்கன் 9 கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர் அகலத்துக்கு ஓட்டை போட்டுச்சு, அந்த ராக்கெட் சாய்வா போகாம செங்குத்தா ஏறுனதால. கொஞ்ச நேரத்துல, சில மணி நேரத்துல மூடிக்கும். இதே மாதிரி சூரிய கிரகணத்தப்ப அயனோஸ்பியர் எப்டி மெலியுதுன்னு பாக்க 2017லயும் 2024லயும் ஹாமுங்க கிரகண நேரத்துல போட்டி மாதிரி வச்சு ஆயிரக்கணக்குல பேசினாங்க, யார் யாருக்கு எப்ப கேட்டுதுங்கற பதிவே விஞ்ஞானிங்களுக்கு தரவு.

எனக்கு மனசுல உறுத்துற விஷயம் ஒண்ணும் சொல்லிடணும். 2021ல சில அமெச்சூருங்க ஃபால்கன் 9 மேல் ஸ்டேஜோட எஸ் பேண்ட் சிக்னல பிடிச்சு, அதுலேர்ந்து கேமரா படத்தையே எடுத்துட்டாங்க, எரிபொருள் தொட்டிக்கு உள்ள ஆக்சிஜன் மிதக்குறது வரைக்கும். உலகமே அசந்து போச்சு. கொஞ்ச நாள்ல அந்த சிக்னல் பூட்டப்பட்டுடுச்சு. நிறுவனத்துக்கு அதுக்கு காரணம் இருக்கும், புரியுது. ஆனா ஸ்புட்னிக் காலத்துல வாங்க கேளுங்கன்னு அலைவரிசைய அச்சடிச்சு குடுத்த ஒரு தொடக்கத்தோட வச்சு பாக்கும்போது கதவு ஒண்ணொண்ணா சாத்துறாங்களோன்னு இருக்கு. வானிலை படத்த யார் வேணும்னாலும் 137 மெகாஹெர்ட்ஸ்ல நேரா எடுக்கலாம்னு வச்சிருந்த பழைய நோவா சாட்டிலைட்டுங்களும் 2025ல ஓய்வு பெற்றுடுச்சு, எத்தனையோ பேர் கம்ப்யூட்டர்ல சொருகுற ஒரு டிவி டாங்கிள வச்சு முதல் முதலா விண்வெளியிலேர்ந்து ஒரு படத்த இறக்குனது அதுலதான். அமெச்சூர் அலைவரிசைல பறக்குற சாட்டிலைட்டு திறந்தே இருக்கணும், அதோட டெலிமெட்ரிய, அதாவது அது தன் நிலைமைய சொல்லி அனுப்புற தரவ, யார் வேணும்னாலும் படிக்க முடியணும், இதுல விட்டுக்குடுக்கவே கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

ஏன்னா தொடக்கத்துலேர்ந்தே அமெச்சூருங்க கட்டுனது அப்டித்தான். 1961 டிசம்பர் 12, அமெச்சூருங்களோட முதல் சாட்டிலைட் ஆஸ்கார் 1. ஒரு அமெரிக்க ராணுவ ராக்கெட்ல எடை சமன் பண்ண வெறும் பாரம் வைக்கிற இடத்த கேட்டு வாங்கி, அங்க தாங்களே கட்டுன நாலரை கிலோ பெட்டிய வச்சாங்க. 140 மில்லிவாட், ஒரு டார்ச் பல்புக்கு கூட காணாது. மோர்ஸ்ல எச் ஐ, எச் ஐன்னு ஹாமுங்களோட சிரிப்ப மட்டும் திரும்ப திரும்ப அனுப்பும். ஆனா அந்த சிரிப்போட வேகம் உள்ள இருக்குற சூட்ட பொறுத்து மாறும், ஸ்டாப்வாட்ச்ல எண்ணுனா விண்வெளில இருக்குற ஒரு பெட்டியோட டெம்பரேச்சர் கிடைச்சுடும். 3 வாரம் உயிரோட இருந்துச்சு, 28 நாட்டுலேர்ந்து 570க்கு மேல ஆளுங்க கேட்டு ரிப்போர்ட் அனுப்புனாங்க.

அந்த வரிசைல வந்த ஆஸ்கார் 7 இன்னும் மேல சுத்திட்டிருக்கு. 1974 நவம்பர் 15ல போனது, 1981ல பேட்டரி ஷார்ட் ஆகி செத்துச்சு. 21 வருஷம் பேச்சே இல்ல. 2002 ஜூன்ல அந்த ஷார்ட் ஆன பேட்டரி உள்ளயே அறுந்து ஷார்ட் நீங்கி, சோலார் பேனல்லேர்ந்து நேரா கரண்ட் ஓட, ஒருத்தர் பழைய அலைவரிசைல அடையாளம் தெரியாத மோர்ஸ் ஒண்ண கேட்டார், அது இதுதான். இப்பவும் வெயில் பட்டா முழிச்சுக்கும், பூமி நிழலுக்குள்ள போனா தூங்கிடும், முழிக்கும்போது எந்த மோடுல, அதாவது எந்த அலைவரிசைல பேசுற நிலைல, முழிக்கும்னு முன்கூட்டி தெரியாது, கேட்டுதான் தெரிஞ்சுக்கணும். பி மோடுல இருந்தா 145.925லேர்ந்து 145.975 மெகாஹெர்ட்ஸுக்குள்ள, ஏ மோடுன்னா 29.4லேர்ந்து 29.5க்குள்ள. கேக்க போறவங்க எஸ்எஸ்பில வைங்க, டயல்ல கைய வச்சுகிட்டே இருங்க, சுருதி இறங்கிட்டே போகும்.